நகராட்சி நிலத்தில் 11 வருஷமாக உழுகிறோம், புதுக் குத்தகையில் கையெழுத்துப் போடலாமா?

பெயரும் ஊரும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவரும் கணவரும் நகராட்சிக்குச் சொந்தமான 6 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து 11 வருஷமாகக் காய்கறி பயிரிடுகிறார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒரு பக்கக் காகிதம்தான் ஒப்பந்தம். கட்டாந்தரையாகக் கிடந்த இடத்தில் தொழுஉரம் கொட்டி, சொட்டுநீர்க் குழாய் போட்டு, மேற்கு வரப்பு நெடுகக் காற்றுத் தடுப்புக்கு மரம் வைத்து மண்ணைத் தேற்றியிருக்கிறார்கள். இப்போது நகராட்சி தன் விவசாய நிலங்கள் எல்லாவற்றையும் 'நீடித்த வேளாண்மை' விதிகளோடு புதிதாகக் குத்தகைக்கு விடப்போகிறது. அதிகப் பணம் சொல்பவருக்கு என்றில்லாமல், மதிப்பெண் அதிகம் வாங்குபவருக்கு நிலம். காலம் 5 வருஷம். ரசாயனப் பூச்சிக்கொல்லி கூடாது. 5 வருஷத்தில் மண்ணின் கரிமச் சத்து '0.5 சதவீதம் உயர வேண்டும்', உயராவிட்டால் முன்பணம் திரும்ப வராது. பொதுத் தேவை வந்தால் 30 நாள் நோட்டீஸில் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் ஒருவர், "உங்களுக்குத்தான் வரும், பயப்படாதீங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவே 6 ஏக்கரில் ஒரு பகுதியைத் தம்பி தனியாகப் பயிர்செய்கிறார், அது அலுவலகத்துக்குத் தெரியாது.

அவர் கேட்பது: 11 வருஷம் உழுததால் எங்களுக்கு உரிமை உண்டுதானே? கோர்ட்டில் தடை வாங்கலாமா, இல்லை கையெழுத்துப் போட்டுவிடலாமா? நாங்கள் போட்ட குழாயும் வைத்த மரமும் என்ன ஆகும்? 'நீடித்த வேளாண்மை' என்பதே எங்களை வெளியேற்ற ஒரு சாக்குதானோ?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் ஓடுகிறது. அந்த விதிகளை எதிரியாகப் பார்க்காதீர்கள். அதிகப் பணம் சொல்பவருக்கே நிலம் என்ற பழைய ஏல முறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எட்டாத தொகையைச் சொல்லி நிலத்தை எடுத்தவர் அதை மண்ணிலிருந்துதான் கறந்தாக வேண்டும். அடுத்த வருஷம் நிலம் தன் கையில் இருக்குமா என்று தெரியாதவர் எதற்காகத் தொழுஉரம் கொட்டுவார்? மதிப்பெண் முறை அதைச் சரிசெய்யப் பார்க்கிறது, அந்த அளவில் நான் நகராட்சியின் பக்கம். ஆனால் நோக்கம் நல்லது என்பதால் எழுதியிருக்கிற ஷரத்துகளும் நல்லவை என்று ஆகிவிடாது. நீங்கள் அனுப்பிய வரைவில் மூன்று ஷரத்துகள் உங்களைக் கவிழ்த்துவிடக்கூடியவை. அவற்றைப் பேசி மாற்றிய பிறகுதான் கையெழுத்து.

11 வருஷம் எங்கே நிற்கும், எங்கே நிற்காது

பலரும் நம்புவதுபோல நீங்களும், நீண்ட காலம் உழுதாலே நிலத்தில் உரிமை வந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். எதிரிடை அனுபோகம் என்று வக்கீல்கள் சொல்வது, உரிமையாளரின் சம்மதம் இல்லாமல், அவருக்கு எதிராக, வெளிப்படையாக நிலத்தை வைத்திருப்பவருக்கானது. நீங்கள் சம்மதத்தோடு, குத்தகைப் பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ரசீதும் 'நிலம் நகராட்சியுடையது' என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி. அதோடு, பொது நிலத்துக்கு எதிராக அந்த வாதத்தைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்பதே இல்லை, ஏற்கிற இடங்களிலும் தனியார் நிலத்தைவிட நீண்ட காலம் கேட்கும். ஆக, அந்த வழியில் போகாதீர்கள். போனால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: 'நிலம் என்னுடையது' என்று வாதாடி நகராட்சியின் உரிமையை மறுத்தால், அதையே காரணமாக்கிக் குத்தகையை ரத்துசெய்ய உரிமையாளருக்கு வழி கிடைக்கலாம்.

வேறொரு கேள்விக்கு அந்த 11 வருஷம் முக்கியம். உங்களிடம் உள்ள காகிதம் குத்தகையா, வெறும் அனுமதியா? உள்ளாட்சிகள் சில சமயம் 'தற்காலிகப் பயன்பாட்டு அனுமதி' என்று தலைப்புப் போட்டுவிடும், அனுமதி பெற்றவருக்குக் குத்தகைதாரருக்குரிய பாதுகாப்பு கிடைக்காது. ஆனால் தலைப்பு என்ன சொன்னாலும், குறிப்பிட்ட நிலம் முழுதாக உங்கள் கையில் இருந்து, தவறாமல் பணம் கட்டி, தொடர்ந்து பயிரும் செய்திருந்தால், அது உண்மையில் குத்தகைதான் என்று வாதாட இடம் உண்டு. வருஷாவருஷக் குத்தகை என்று ஆகிவிட்டால் அதை முடிக்கவே முறையான முன்னறிவிப்பு வேண்டும். ஜெர்மனியில் காலம் குறிப்பிடாத விவசாயக் குத்தகைக்கு அந்த முன்னறிவிப்பு கிட்டத்தட்ட 2 வருஷம், இந்தியாவின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 6 மாதம். உங்கள் இடத்தில் எவ்வளவு என்பதைப் பழைய காகிதங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய் உள்ளூர் வக்கீலிடம் பாருங்கள். 11 காகிதமும் வேண்டும், நடுவில் ஒரு வருஷம் விட்டுப்போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இதற்காகத்தான் ஒரு எச்சரிக்கை. புது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், 'முந்தைய ஏற்பாடுகளின் கீழ் உள்ள அனைத்து உரிமைகளையும் இதன்மூலம் விட்டுக்கொடுக்கிறேன்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். உங்கள் வரைவிலும் இருக்கிறது, 19-வது ஷரத்து. அதில் கையெழுத்துப் போட்ட நிமிஷம் குழாய்க்கும் மரத்துக்கும் நீங்கள் கேட்கக்கூடியதெல்லாம் போய்விடும். அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் 'இணைப்பில் உள்ள அபிவிருத்திகள் நீங்கலாக' என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

கோர்ட்டைப் பற்றி: இப்போதே தடை கேட்டுப் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மதிப்பெண் முறையில் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கும்போது, அந்த முறையையே நிறுத்தச் சொல்லிப் போனால் கையில் இருப்பதும் போய்விடும். ஆனால் நகராட்சி உரிமையாளர் என்பதால் நினைத்ததைச் செய்யலாம் என்பதும் தவறு. பொது அமைப்பு தான் அறிவித்த அளவுகோலைத்தான் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு மதிப்பெண், எதனால் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பம் முடிந்து மதிப்பெண் தவறாகப் போடப்பட்டிருந்தால், அப்போது கோர்ட்டுக்குப் போக உங்களிடம் பொருள் இருக்கும். அந்த வாய்வார்த்தை வாக்குறுதியை மறந்துவிடுங்கள். சொன்னவர் நல்ல மனசோடு சொல்லியிருக்கலாம், ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது. வேறு யாராவது புகார் கொடுத்தால் உங்களுக்கே அது பாரமாகிவிடும்.

அந்த 0.5 சதவீதம்

வரைவிலேயே எனக்கு மிகவும் கவலை தந்தது இந்த ஷரத்துதான். எழுதியவர் மண்ணை நேசிப்பவர் என்று தெரிகிறது, கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றும் தெரிகிறது.

முதலில், '0.5 சதவீதம் உயர்வு' என்றால் என்ன? உங்கள் மண்ணில் இப்போது கரிமம் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது 1.5 ஆக வேண்டுமா, இல்லை 1-ல் 0.5 சதவீதம் கூடி 1.005 ஆனால் போதுமா? முதலாவது, இருப்பதில் பாதியளவு கூடுதல். இரண்டாவது, எந்தப் பரிசோதனைக் கூடத்தாலும் பிரித்துக் காட்ட முடியாத அளவு சின்னது, ஒரே பாத்தியில் இரண்டு அடி தள்ளி மண் எடுத்தாலே அதைவிட அதிக வித்தியாசம் வரும். எந்த அர்த்தத்தில் எடுத்தாலும் இந்த ஷரத்து வேலைக்கு ஆகாது.

முதல் அர்த்தம் என்றே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். மேல்மண் 20 சென்டிமீட்டர் ஆழம், ஒரு கன மீட்டர் மண் 1.3 டன் என்று கொண்டால், ஏக்கருக்கு சுமார் 1,050 டன் மண். அதில் அரை சதவீதம் என்றால் 5 டன்னுக்கு மேல் சுத்தமான கரிமம். உங்கள் 6 ஏக்கருக்கு 31 டன்னுக்கு மேல். உலர்ந்த மக்கிய உரத்தில் கால்பங்கு கரிமம் என்று தாராளமாக வைத்தாலும், கொட்டியதில் ஒரு துளிகூடச் சிதையாமல் இருந்தால்கூட, ஏக்கருக்கு 20 டன்னுக்கு மேல் உலர்ந்த உரம் வேண்டும். நிஜத்தில் கொட்டுவதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று காற்றில் விட்டுவிடும். வேண்டிய அளவு அதைப்போலப் பல மடங்கு ஆகிவிடும். 2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டை ஒட்டித் தொடங்கிய 'ஆயிரத்துக்கு நான்கு' முயற்சிகூட, மண்ணில் ஏற்கெனவே உள்ள கரிமத்தில் வருஷத்துக்கு ஆயிரத்தில் 4 பங்கு கூட்டுவதைத்தான் இலக்காக வைத்தது. அந்த வேகத்தில் போனால் 1 சதவீதம் 5 வருஷத்தில் 1.02-ஐத் தொடும். உங்களிடம் கேட்பது 1.5.

மண் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு வயல் இருக்கிறது. அங்கே ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை தொழுஉரம் போட்டார்கள், அதோடு நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும், உரமே காணாத பக்கத்துப் பாத்தியைவிட அந்த மண்ணில் கரிமம் இன்னும் அதிகம். இதை நான் இரண்டு காரணங்களுக்காகச் சொல்கிறேன். 5 வருஷத்தில் அளந்து பார்த்துப் பணத்தைப் பிடித்தம் செய்கிற விஷயம் இது இல்லை என்பது ஒன்று. இன்று நீங்கள் கொட்டுகிற உரத்தின் பலனை உங்களுக்குப் பின் வருகிற குத்தகைதாரரும் அவருக்குப் பின் வருபவரும்கூட அனுபவிப்பார்கள் என்பது இன்னொன்று. அப்படியானால் அதன் செலவு உங்கள் ஒருவர் தலையில் மட்டும் விழுவது எப்படி நியாயம்?

ஆகவே இலக்கை மாற்றிச் செயலை எழுதச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு மக்கிய உரம், இரண்டு பயிருக்கு நடுவே நிலத்தை வெறுமனே விடாமல் பசுந்தாள் அல்லது மூடுபயிர், உழவு இத்தனை முறைக்கு மேல் இல்லை, இந்த மாதிரி. இவை உங்கள் கையில் இருப்பவை, ரசீதும் புகைப்படமும் வைத்து நிரூபிக்கலாம். கரிமம் அளப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அளக்கட்டும், ஆனால் அதே இடங்கள், அதே ஆழம், அதே பருவம், அதே பரிசோதனை முறை என்று எழுத வேண்டும். பழைய வாக்லி-பிளாக் என்ற ரசாயனப் பரிசோதனை முறையில் கரிமத்தின் ஒரு பகுதிதான் அகப்படும், திருத்தக் காரணி என்ற எண்ணால் பெருக்கித்தான் முழு அளவுக்குக் கொண்டுவருவார்கள். முதல் வருஷம் எரித்து அளக்கும் முறையிலும் கடைசி வருஷம் திருத்தம் போடாத இந்த முறையிலும் பார்த்தால், நீங்கள் எவ்வளவு உழைத்திருந்தாலும் மண் கெட்டுப்போனதாகத்தான் காகிதம் காட்டும்.

30 நாளும் 5 வருஷமும்

30 நாளில் எழுந்து போகச் சொல்கிற குத்தகையை நீடித்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பல காய்கறிகள் நாற்றிலிருந்து முதல் பறிப்புக்கு வரவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். நகராட்சிக்குப் பள்ளிக்கூடமோ சாலையோ கட்ட நிலம் தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. ஷரத்தை முழுதாக எடுங்கள் என்று கேட்டால் நடக்காது. இதைக் கேளுங்கள்: பொதுத் தேவை என்பது மன்றத் தீர்மானமாக எழுத்தில் வர வேண்டும், குறைந்தது ஒரு முழுப் பயிர்க்காலம் முன்னறிவிப்பு வேண்டும், நிற்கிற பயிருக்கு இழப்பீடு வேண்டும், ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் மீதிக்குக் குத்தகைப் பணம் அந்த விகிதத்தில் குறைய வேண்டும். எடுத்த நிலம் ஒரு வருஷத்துக்குள் அந்தத் தேவைக்குப் பயன்படவில்லை என்றால் உங்களுக்கே முதல் உரிமை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், தருவார்களா என்பது வேறு விஷயம்.

5 வருஷமும் குறைவுதான். ரசாயனம் விட்டு இயற்கை முறைக்குச் சான்றிதழ் வாங்க, ஐரோப்பிய விதிப்படி ஒருவருஷப் பயிர்களுக்கு 2 வருஷமும், அமெரிக்க விதிப்படி கடைசியாகத் தடைசெய்த பொருள் போட்டதிலிருந்து 3 வருஷமும் மாற்றக் காலம் ஆக வேண்டும். அந்தக் காலத்தில் மகசூலும் இறங்கலாம், இயற்கை விளைபொருள் என்று சொல்லி விற்கவும் முடியாது. அப்படியானால் 5-ல் மிஞ்சுவது 2 அல்லது 3 வருஷம். பிரான்ஸில் விவசாயக் குத்தகைக்குப் பொதுவான குறைந்தபட்சக் காலமே 9 வருஷம். அங்கே 2006 சட்டத்துக்குப் பிறகு சுற்றுச்சூழல் நிபந்தனைகளையும் குத்தகையில் எழுதலாம், பொது அமைப்புகள் குத்தகைக்கு விடும்போது இந்த வழியைப் பயன்படுத்த முடியும். இதெல்லாம் உங்களுக்கு நேராகப் பொருந்தும் என்று சொல்லவில்லை, நீண்ட காலம் கேட்பது அதிசயமான கோரிக்கை இல்லை என்று அலுவலகத்தில் எடுத்துச் சொல்ல உதவும். 10 வருஷம் முடியாது என்றால், '5 வருஷம், நிபந்தனைகளை நிறைவேற்றியிருந்தால் இன்னும் 5' என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வருஷம் குத்தகைப் பணத்தில் சலுகையும், மரவேலிக்கு ஒதுக்கிய பரப்புக்குப் பணம் இல்லை என்பதும் நியாயமான கோரிக்கைகள்தான்.

பூச்சிக்கொல்லி ஷரத்தில் ஒரே ஒரு திருத்தம்: பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து உங்கள் பயிரில் தங்கினால் அது உங்கள் மீறல் ஆகாது என்று ஒரு வரி.

குழாய், மரம், மண்

குழாய் கழற்றக்கூடியது, பொதுவாக அதை நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம். மரம் மண்ணில் வேர்விட்டது, அது நிலத்தோடு சேர்ந்துவிடும் என்பதே பெரும்பாலான சட்டங்களின் பொது விதி. ஆனால் உரிமையாளரின் சம்மதத்தோடு செய்த அபிவிருத்திக்குக் குத்தகை முடியும்போது இழப்பீடு கேட்கலாம் என்று ஜெர்மனியின் சிவில் சட்டமும் இங்கிலாந்தின் 1995 விவசாயக் குத்தகைச் சட்டமும் சொல்கின்றன. சம்மதம் என்பதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. மரம் வைத்தபோது நகராட்சிக்கு ஒரு கடிதமாவது போட்டீர்களா? அவர்கள் வந்து பார்த்துக் குறிப்பு எழுதினார்களா? தேடுங்கள். இல்லை என்றால் இனிமேல் செய்கிற எதற்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மண்ணுக்கு இழப்பீடு வாங்குவதுதான் கஷ்டம். ஏன் என்பதற்கு ஒரு சம்பவம். சில வருஷங்களுக்கு முன் ஒருவர் என் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இரண்டு கை மண். கறுத்து, ஈரமாக, பிரித்ததும் மழை பெய்த வாசனை. அதற்குள் ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி இது செங்கல் மாதிரி இருந்தது சார்" என்றார். நான் நம்பினேன். ஆனால் எட்டு வருஷத்துக்கு முன் அது எப்படி இருந்தது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை, ஒரு படம் இல்லை. எதையும் வாங்கித்தர என்னால் முடியவில்லை.

ஜெர்மனியின் சிவில் சட்டம், குத்தகை தொடங்கும்போது நிலத்தின் பரப்பும் நிலைமையும் இரண்டு தரப்பும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. உங்கள் ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு இணைப்பு இருக்க வேண்டும்: மண் பரிசோதனை முடிவு, கிணற்று நீரின் நிலை, வரப்பு, மரங்களின் எண்ணிக்கை, படங்கள்.

ஒரு முக்கியமான சோதனையை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலம் எப்படி நகராட்சி கைக்கு வந்தது என்று விசாரித்தீர்களா? நகரங்களிடம் உள்ள விவசாய நிலங்களுக்குப் பெரும்பாலும் ஒரு பழைய கதை இருக்கும். பெர்லின் நகரம் 1870-களில் சுற்றுப்புறப் பண்ணைகளை வாங்கியது கழிவுநீரைப் பாய்ச்சத்தான். பயிரும் விளைந்தது, ஆனால் பல பத்தாண்டு பாய்ச்சியதில் அந்த மண்ணில் கன உலோகங்கள் சேர்ந்துவிட்டன. உங்கள் நிலத்தில் முன்பு கழிவுநீர், குப்பைக் கிடங்கு, நகரக் குப்பை உரம் ஏதாவது இருந்ததா என்று கேளுங்கள், ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் மண்ணைப் பாருங்கள். கீரை மாதிரி இலைப்பயிர்கள் காட்மியத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். முதல் நாளே இது பதிவாகாவிட்டால், பின்னால் மண் கெட்டிருக்கிறது என்று தெரியவரும்போது கெடுத்தவர் நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

தம்பி விஷயம்

இதை நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் விண்ணப்பத்தைக் கவிழ்க்க இது ஒன்றே போதும். சொந்தத் தம்பிதானே என்பது உங்களுக்கு. ஒப்பந்தத்தின் பார்வையில் அவர் தனியாகப் பயிரிட்டு, விளைச்சலைத் தனியாக விற்று, உங்களுக்கு ஒரு தொகை தருகிறார் என்றால் அது உள்குத்தகை. அனுமதி இல்லாத உள்குத்தகை குத்தகையை ரத்துசெய்ய நேரான காரணம். போட்டியாக விண்ணப்பிப்பவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். தம்பி பயிர்செய்யும் பகுதியை இந்த அறுவடையோடு உங்கள் கணக்குக்குள் கொண்டுவாருங்கள், அல்லது புது விண்ணப்பத்தில் அவரையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேருங்கள். இரண்டாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அவருக்கும் வயிறு இருக்கிறது, உழைப்பும் அவருடையது. ஆனால் பழையதை எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை நேரில் ஒரு வக்கீலிடம் பேசாமல் எழுத்தில் போடாதீர்கள். பொய்யாக மட்டும் எதுவும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

வரைவின் மேல் நகராட்சி கருத்துக் கேட்கும் காலம் இன்னும் 3 வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 19-வது ஷரத்து, 0.5 சதவீதம், 30 நாள், இந்த மூன்றுக்கும் மாற்று வாசகத்தை நீங்களே எழுதி, ஒரு பக்கத்துக்குள் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். அதே விதிகளின் கீழ் வருகிற மற்ற குத்தகைதாரர்கள் இருப்பார்கள், அவர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் அதன் எடையே வேறு.

பிறகு விண்ணப்பத்துக்கு வாருங்கள். அந்த 11 வருஷத்தைக் கொண்டுபோக வேண்டிய இடம் அதுதான். உரம் வாங்கிய ரசீதுகள், விற்ற கணக்கு, எந்த வருஷம் எந்தப் பாத்தியில் எது போட்டீர்கள் என்ற குறிப்பு, கைப்பேசியில் கிடக்கிற பழைய படங்கள் எல்லாம் வேண்டும். மரம் வைத்த நாளில் எடுத்த படம் ஒன்று இருப்பதாகச் சொன்னீர்களே, பின்னால் வெறும் கட்டாந்தரை தெரிகிறது என்று. அதைத் தேதியோடு அச்செடுத்து முதல் பக்கத்தில் வையுங்கள். அதே இடத்தில் நின்று, அதே திசையைப் பார்த்து, இன்று இன்னொரு படம் எடுத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். மண் மாதிரியை அடுத்த உரம் போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.